1912ஆம் ஆண்டு வீடும் மில்ஸ் சட்ட ஒப்பந்தமும்

கலிஃபோர்னியாவின் பாசடீனா நகரிலுள்ள பங்களோ ஹெவன் பகுதியில், 1912இல் கட்டப்பட்ட கிராஃப்ட்ஸ்மன் பாணி (கைவினை மரவேலையை முதன்மையாகக் கொண்ட அமெரிக்கப் பாணி) வீட்டை வாங்கிய முதல் மாதமே, ஒப்பந்ததாரர் ஒருவரின் பேச்சைக் கேட்டு, பின்பக்கத்து மர ஜன்னல்கள் இரண்டைக் கழற்றி எறிந்துவிட்டு வினைல் ஜன்னல்களைப் பொருத்தினோம். அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

கலிஃபோர்னியாவில் 1972இல் வந்த மில்ஸ் சட்டத்தைப் பற்றி அதன் பிறகுதான் அறிந்தோம். பாரம்பரிய வீட்டைப் பழுதுபார்த்துக் காப்பதாக உரிமையாளர் நகராட்சியோடு ஒப்பந்தம் செய்துகொண்டால் சொத்து வரி குறையும். அங்கே வரி பெரும்பாலும் வாங்கிய விலையை ஒட்டியே அமைவதால், எங்களைப் போல் அண்மையில் வாங்கியவர்களுக்கே இதில் பலன் அதிகம்.

விண்ணப்பத்துக்காகப் பழைய கட்டட அனுமதிகளையும் சான்போர்ன் நிறுவனம் தீக்காப்பீட்டுக்காகக் கட்டடங்களை வகைப்படி நிறமிட்டு வரைந்த பழைய வரைபடங்களையும் தேடினேன். மரவீடுகளுக்குரிய மஞ்சள் நிறத்தில் எங்கள் வீடும், புள்ளிக்கோட்டுக்குள் அதன் முன்தாழ்வாரமும் வரையப்பட்டிருந்ததைக் கண்டபோது, அந்தத் தாழ்வாரம் பிற்காலத்து ஒட்டு அல்ல என்பது உறுதியாயிற்று. நாம் பெரிய வீட்டுக்குச் சொல்லும் ‘பங்களா’தான், வங்காளத்திலிருந்து கிளம்பி, அமெரிக்காவில் இத்தகைய சிறிய வீடுகளுக்குப் பெயராயிற்று. இதே ஊரில் கட்டடக்கலைஞர்களான கிரீன் சகோதரர்கள் 1908இல் வடிவமைத்த கேம்பிள் மாளிகை செல்வந்தருக்கானது. எளிய குடும்பங்களுக்கும் நல்ல மரவேலை கிடைத்தது என்பதற்கு எங்கள் வீதி சாட்சி. என் கணக்கில் இந்த வீதியின் மதிப்பும் குறைந்ததல்ல.

நேரில் பார்க்க வந்த நகராட்சி அதிகாரி, கூரைக்கு வெளியே நீண்டிருக்கும் கைமரங்களையும் கருகி முறுகிய செங்கற்களால் ஆன புகைபோக்கியையும் பார்த்துவிட்டு, ஜன்னல்களிடம்தான் வெகுநேரம் நின்றார். வண்ணப்பூச்சைச் சுரண்டிய இடத்தில் டக்ளஸ் ஃபர் மரத்தின் ரேகைகள் நூல் நூலாக நெருங்கியிருந்தன. பழைய கண்ணாடி வழியே எதிர்வீடு லேசாக நெளிந்து தெரிந்தது. இவை பழுதுபார்க்கத்தக்கவை, மாற்றத் தேவையில்லை என்றார்.

பத்தாண்டு வேலைத்திட்டம் கேட்டார்கள். ஒப்பந்தம் குறைந்தது பத்து ஆண்டுகளுக்கு. ஆண்டுதோறும் ஓராண்டு தானாகவே கூடும். வீட்டை விற்றால் வாங்குபவரையும் கட்டுப்படுத்தும். மீறினால் ஒப்பந்தம் ரத்தாகி, சொத்தின் முழு மதிப்பில் 12.5 சதவீதம் அபராதம் விழக்கூடும் என்பதை யோசித்தே கையெழுத்திட வேண்டும்.

திட்டத்தின் முதல் வரியாக, கழற்றிய இரண்டு ஜன்னல்களையும் அதே அளவில் மரத்தில் செய்து வைப்பதாக எழுதினேன். மேலும் கீழும் நகரும் முன்னறை ஜன்னலில் தச்சர் அறுந்த கயிற்றை மாற்றி, ஜன்னலின் மரச்சட்டத்துக்குள் தொங்கும் இரும்பு எடையைத் திரும்பக் கட்டியதும், பல காலமாக இறுகிக் கிடந்த கதவு ஒரு விரலுக்கே மேலேறியது.