ரதி ஒப்பாரியும் 30 செக்கன் வீடியோவும்

மாசியில காமன் கம்பம் ஊன்றி, மன்மதன் கதையைக் காமன் கூத்தா ஆடுற மலையகத் தேயிலைத் தோட்டங்கள்ல இப்போ ஒரு வேடிக்கை பார்க்கலாம். சிவன் நெற்றிக்கண் திறக்கிற கட்டம் வந்தா லயத்துச் (தொழிலாளர் வரிசை வீடுகள்) சனம் மொத்தமும் போனைத் தூக்கும். மன்மதன் எரிஞ்சு, ரதி ஒப்பாரி வைக்கத் தொடங்கினதும் கையெல்லாம் இறங்கிடும். கூத்தோட உயிரே அந்த ஒப்பாரிதான். ஆனா அது 30 செக்கனுக்குள்ள அடங்காதே!

அதுக்காக போனைத் திட்டுற ஆள் நான் இல்லை. கொழும்புப் புடவைக்கடையில நிற்கிற பிள்ளையும், குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன அம்மாவும் வேற எப்படிப் பார்க்கிறது? சிக்னலுக்காக மேட்டு லயத்துப் பக்கம் ஏறி நின்னு லைவ் போட்ட தம்பிக்கு ஒரு கும்பிடு.

பழைய காலமும் ஒண்ணும் பொற்காலம் இல்லை. கூத்துக்கு அடிக்கிற இதே தப்பு மேளம்தான் ஒரு காலத்துல விடியக்காலைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, ஆளைக் கிளப்பிச்சு.

எனக்கு உறுத்துறது வேற. ரதி வேசம் கட்டுற அண்ணனே இந்த வருசம் ஒப்பாரியைச் சுருக்கிட்டார். கேட்டா, "சனத்துக்கு அலுப்புடா தம்பி"ங்கிறார். பாதி வரி மறந்தும் போச்சாம். அடுத்த மாசிக்கு முன்னாடி அவரை உட்கார வைச்சு முழுசா ரெக்கோர்ட் பண்ணணும். மெமரி காலியா உள்ள போன் யார்கிட்ட இருக்கு? இன்பொக்ஸ் வாங்க.