தபாலால் வளர்ந்த தீவு

கரீபியன் போகிறேன் என்றதும் எல்லோரும் வெள்ளை மணலைத்தான் கேட்டார்கள். நான் தனியாகப் போன சபா தீவில் கடற்கரை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. 13 சதுர கிலோமீட்டர் எரிமலை, கடலிலிருந்து செங்குத்தாக நிற்கிறது. மக்கள் சுமார் 2,000 பேர்.

பக்கத்துத் தீவான செயின்ட் மார்ட்டினிலிருந்து குட்டி விமானம். ஓடுதளம் 400 மீட்டர்தான், இரு முனையிலும் பாறை விளிம்பு, கீழே கடல். பக்கத்தில் கையைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லையே என்று அந்த ஒரு நிமிடம் மட்டும் தோன்றியது.

விமான நிலையத்திலிருந்து வளைந்து வளைந்து ஏறும் சாலையைப் பார்த்து அசந்துபோனேன். இங்கே சாலையே போட முடியாது என்று பொறியாளர்கள் கைவிரித்துவிட்டார்களாம். ஜோசஃபஸ் லாம்பர்ட் ஹாசெல் என்ற ஊர்க்காரர் தபால் வழியில் பொறியியல் படித்து, 1938-இல் ஊர் ஜனங்களோடு வேலையை ஆரம்பித்தார். இயந்திரம் இல்லை, எல்லாம் கைவேலை. முதல் கார் வந்தது 1947-இல். அதுவரை படகில் வந்த சாமான்கள் கல்படிகளில் தலைச்சுமையாகத்தான் மேலேறின.

அந்தச் சாலையில் கை காட்டினால் வண்டி நிற்கும். அப்படி ஏற்றிக்கொண்ட ஒரு பாட்டி என்னை விண்ட்வர்ட்சைட் என்ற ஊரில் தன் வீட்டுக்கே அழைத்துப்போய் சபா லேஸ் காட்டினார். வெள்ளைத் துணியில் இழைகளை ஒவ்வொன்றாக உருவி எடுக்கிறார். மிஞ்சிய இழைகளை ஊசியால் சேர்த்துக் கட்டக் கட்ட, ஓட்டைகளே பூவாகின்றன. 1870-களில் மேரி கெர்ட்ரூட் ஜான்சன் என்பவர் வெனிசுவேலாவின் கராகஸில் கன்னியாஸ்திரிகளிடம் கற்று வந்த வேலை இது. அப்புறம் தீவுப் பெண்கள் அமெரிக்க முகவரிகளைத் தேடிப்பிடித்து, கடிதம் எழுதியே லேஸை விற்றிருக்கிறார்கள். ஆண்கள் கடலுக்குப் போன வீடுகளில் அடுப்பெரிய அந்தக் காசு உதவியது.

என் அப்பா முப்பத்தொரு வருஷம் தபால்காரர். பாட்டி இதைச் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

மறுநாள் தீவின் உச்சி மலையான மவுண்ட் சீனரியின் 1,064 படிகளை ஏறினேன். உச்சியில் மேகம், பாசி படிந்த மரங்களில் நீர் சொட்டும் சத்தம் தவிர வேறொன்றும் இல்லை. ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன், யாரும் வரவில்லை. இறங்கியதும் நேராகத் தபாலாபீஸ் போய் அப்பாவுக்கு ஒரு கார்டு போட்டேன்.

ஏழு வாரம் கழித்து வந்தது. அப்பா படத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதலில் முத்திரையைத்தான் எழுத்துக்கூட்டிப் படித்தார்.