ஏற்காட்டில் வெளிநாட்டு அறிஞர்களை அழைத்துத் தத்துவ அமர்வு நடத்தப் போகிறீர்களா?

விசா வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியது போலத்தான். எங்களைப் படுத்தி எடுத்தது ஃபார்ம் சி (2025 விதிகளில் இதன் பெயர் ஃபார்ம் III). வெளிநாட்டவர் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் தங்குமிடம் நடத்துபவர் அதை இணையத்தில் பதிய வேண்டும். வீட்டில் தங்கவைத்தாலும் இதே விதிதான். முன்பணம் கட்டியிருந்த எஸ்டேட் பங்களாவுக்கு அந்தத் தளத்தில் கணக்கே இல்லை என்பது விருந்தினர்கள் தங்கள் நாட்டிலிருந்து கிளம்பிய பிறகுதான் தெரிந்தது. "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லைங்க" என்றார் மேலாளர். புதுக் கணக்குக்கு ஒப்புதல் ஒரே ராத்திரியில் வராது. முன்பணத்தை விட்டுவிட்டு எல்லோரையும் சேலத்தில் ஒரு ஓட்டலுக்கு மாற்றினோம். தினமும் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கியதில் காலை அமர்வுகள் அடிபட்டன. அறை பேசும்போதே "ஃபார்ம் சி போடுவீங்களா?" என்று கேட்டுவிடுங்கள். வந்தபின் பதிவின் நகலைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மாநாட்டு விசாவுக்கு அழைப்புக் கடிதத்தோடு வெளியுறவு அமைச்சகத்தின் அரசியல் ஒப்புதலும் கேட்பார்கள். எழுத்தாளராக ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் இன்னொரு பெயர் என்று இருப்பவர்கள் பேராசிரியர்களில் நிறைய. பாஸ்போர்ட் பக்கத்தை வரவழைத்து, அதில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் கடிதம் அடியுங்கள். டூரிஸ்ட் விசாவில் வந்து பேசிவிட்டுப் போகலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். போகும்போது நூலகத்துக்கு நன்கொடை தருகிறேன் என்பார்கள். எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத அறக்கட்டளை அதை வாங்கக் கூடாது. ரூபாயாகக் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான்.

மே மாதக் கோடை விழா சமயத்தில் தேதி வைக்காதீர்கள், அறையும் கிடைக்காது, சாலையும் நகராது. இரவு விமானத்தில் வருபவர்களை அன்றைக்கே மலையேற்றாமல் சேலத்தில் ஒரு ராத்திரி தூங்கவிடுங்கள்.

இனி உரையாடல். முதல் நாள் ஆளுக்கொரு கட்டுரை வாசித்தார்கள், கைதட்டினோம், ஒன்றோடு ஒன்று உரசவே இல்லை. மறுநாள் கட்டுரைகளை ஒதுக்கிவிட்டு, மெய்கண்டார் எழுதிய சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களில் மூன்றாவதை மட்டும் எடுத்துக்கொண்டு, பக்கத்தில் பிரெஞ்சுத் தத்துவவாதி தெக்கார்த் 1641-இல் வெளியிட்ட 'தியானங்கள்' நூலின் இரண்டாம் பகுதியை வைத்தோம். அன்றைக்குத்தான் கூட்டம் சூடுபிடித்தது.

இரண்டும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: உடம்புக்கு வேறாக ஓர் உயிர் உண்டு என்று எப்படித் தெரியும்? 'இல்லை' என்று மறுக்கவும் ஒருவர் வேண்டுமே என்று தொடங்குகிறார் மெய்கண்டார். 'என் உடம்பு' என்று சொல்பவர் யார் என்று அடுத்துக் கேட்கிறார். தெக்கார்த்தும் ஐயப்படுவதற்கு ஒருவர் இருந்தாக வேண்டும் என்கிறார். விருந்தினர்களுக்கு இது வரை சம்மதம். தூக்கத்தில்தான் முட்டிக்கொண்டது. தூங்கும்போது மூச்சு ஓடுகிறது, ஆனால் உண்ணலும் இல்லை, செயலும் இல்லை. ஆகவே மூச்சு உயிராகாது என்பது சூத்திரத்தின் வாதம். ஆழ்ந்த தூக்கத்திலும் மனம் சிந்தித்துக்கொண்டே இருக்கிறது என்பது தெக்கார்த்தின் நிலை. அடுத்து, உயிர் தானாக அறிவதில்லை, உணர்த்தினால்தான் உணர்கிறது என்று மெய்கண்டார் சொன்னதும், வந்தவர்களில் ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார். யார் துணையும் இல்லாமல் தன்னைத்தான் அறிந்துகொள்ளும் 'நான்'தானே தெக்கார்த்துக்கு அஸ்திவாரம்! மதியச் சாப்பாடு ஆறிப்போனது, யாரும் அசையவில்லை.

இப்படி நடக்க வேண்டுமானால் பக்கங்களை முன்கூட்டியே அனுப்புங்கள்: மூலம், நல்லசுவாமி பிள்ளையின் 1895 ஆங்கில மொழிபெயர்ப்பு, தெக்கார்த்தின் பகுதி. நாற்பது பக்கம் அனுப்பினால் யாரும் படித்துவிட்டு வருவதில்லை. சித்தாந்தம் கற்ற நம் பெரியவர்களை ஆங்கிலத்தில் பேசச் சொல்லாதீர்கள், வாதத்தின் வலுவே போய்விடும். அவர்கள் தமிழில் பேசட்டும். சூத்திரம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து வாக்கியம் வாக்கியமாக ஆங்கிலத்தில் சொல்லட்டும். அந்த ஆளை விசாவுக்கு அலையத் தொடங்கும்போதே தேடத் தொடங்குங்கள், அவர் கிடைப்பதுதான் அதைவிடக் கஷ்டம்.