கொடைக்கானல் கொல்லையில் மார்க்கேரியன் சங்கிலி

வானில் வரிசையாகத் தெரியும் கேலக்ஸிகளின் (விண்மீன் மண்டலங்களின்) தொடர்தான் மார்க்கேரியன் சங்கிலி. அதைப் பார்க்கச் சித்திரை மாதம் நிலா இல்லாத இரவுகளை விடாதீர்கள். சிம்மத்தின் வால் பகுதியில் உள்ள உத்திர நட்சத்திரத்துக்கும் கன்னியின் விண்டமியாட்ரிக்ஸ் நட்சத்திரத்துக்கும் ஏறத்தாழ நடுவில் 8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கியைத் திருப்பி, 25 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) போடுங்கள். தொலைநோக்கியின் 1200 மி.மீ. குவியத் தூரத்துக்கு 48 மடங்கு பெரிதாகத் தெரியும். எம்84, எம்86 என்ற இரண்டு கேலக்ஸிகளும் பஞ்சைப் பிய்த்து ஒட்டியதுபோல ஒரே பார்வையில் நிற்கும். அங்கிருந்து கிழக்கே மெல்ல நகர்த்தினால் 'கண்கள்' எனப்படும் என்ஜிசி 4435, 4438 கேலக்ஸி ஜோடி வரும். சுமார் 5 கோடி ஒளியாண்டு தொலைவு!

நேராக உற்றுப் பார்த்தால் மங்கலானவை மறைந்துவிடும். பார்வையைச் சற்றே ஓரத்துக்கு விலக்கினால் தெரியும். குழாயை லேசாகத் தட்டுங்கள், அசையும் மங்கலைக் கண் உடனே பிடித்துக்கொள்ளும். பிறகு 10 மி.மீ. ஐபீஸ் மாற்றினால் பின்னணி கருத்து, என்ஜிசி 4387 போன்ற சிறுசுகள் எம்84, எம்86, 4388 மூன்றுக்கும் நடுவில் எட்டிப்பார்க்கும். இதற்காகவே ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.

ஏப்ரல் நடுவில் இரவு 11 மணிக்கு இவை உச்சந்தலைக்கு வந்துவிடும். அப்போது டாப்சோனியனைப் பக்கவாட்டில் திருப்புவது பெரும்பாடு. 9 மணிக்கே தொடங்குவது நல்லது.

மலையில் பெரிய எதிரி பனிதான். குழாய் வாயில் 30 செ.மீ. நீளத்துக்கு ஃபோம் ஷீட் சுற்றுங்கள். மாற்று ஐபீஸ்கள் ஸ்வெட்டர் பையிலேயே இருக்கட்டும். ஈரம் படிந்தால் துடைக்கவே கூடாது, பூச்சு கீறிவிடும். ஹேர் ட்ரையரின் இளஞ்சூடு போதும்.