கோதோகுஜி: பூனை கூப்பிட்ட கோயில்

கடைகளில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கையைத் தூக்கியபடி உட்கார்ந்திருக்கும் பூனைப் பொம்மையை, சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் பார்த்த பழக்கத்தில், சீனத்துச் சமாச்சாரம் என்றே நம்மில் பலர் நினைத்திருப்போம். ‘மனேகி நேகோ’ என்னும் அந்தப் பூனை ஜப்பானுக்குச் சொந்தம். அது பிறந்த இடம் தங்களுடையதுதான் என்று சொல்லும் தலங்கள் சில உண்டு. அவற்றில் பக்தர்கள் அதிகம் தேடி வருவது டோக்கியோவின் செத்தகயா பகுதியில் உள்ள கோதோகுஜி. சோதோ ஜென் மரபைச் சேர்ந்த புத்தர் கோயில் இது.

தல வரலாறு இப்படிப் போகிறது. வருமானமே இல்லாத சிறிய கோயிலாக இது இருந்த காலத்தில், இங்கிருந்த துறவி தன் சாப்பாட்டில் பாதியைப் பூனைக்குக் கொடுத்து வளர்த்தார். ஒரு நாள் ஹிகோனே நாட்டுப் பிரபு இயி நவோதகா, வல்லூறு வேட்டை முடிந்து பரிவாரத்தோடு இந்த வழியாகப் போனார். வாசலில் இருந்த பூனை கையை அசைத்துக் கூப்பிடுவதைப் பார்த்து உள்ளே வந்தார். வந்ததும் இடி மின்னலோடு மழை கொட்டியது. நனையாமல் தப்பியதோடு, துறவியின் உபதேசமும் அவர் மனதைத் தொட்டது. 1633இல் இது இயி குடும்பத்தின் கோயிலானது. நவோதகா 1659இல் மறைந்தபின் அவருக்குச் சூட்டிய பௌத்தப் பெயரிலிருந்தே ‘கோதோகுஜி’ என்ற பெயர் வந்தது. ஹிகோனே இருப்பதோ தொலைவில், பிவா ஏரிக் கரையில். அந்தப் பிரபு இங்கே எப்படி வந்தார் என்று கேட்கத் தோன்றும். செத்தகயா பகுதி இயி குடும்பத்துக்கு மானியமாகக் கிடைத்த நிலம், அதனால்தான்.

பூனை கூப்பிடும் விதத்தைக் கவனியுங்கள். உள்ளங்கை முன்னால் பார்த்து, விரல்கள் கீழ்நோக்கி மடங்கும். நம் ஊரில் ‘இங்கே வா’ என்று கையசைப்பதும் அப்படித்தான். அதனால் அது டாட்டா காட்டுகிறதோ என்ற சந்தேகம் நமக்கு வர வேண்டியதில்லை.

ஷின்ஜுகுவிலிருந்து ஓதாக்யூ ரயிலில் வருபவர்கள் எல்லா நிலையங்களிலும் நிற்கும் வண்டியில்தான் ஏற வேண்டும். எக்ஸ்பிரஸ் கோதோகுஜி நிலையத்தைத் தாண்டிப் போய்விடும். நிலையத்திலிருந்து கால் மணி நேர நடை. நடக்க முடியாத பெரியவர்கள் பக்கத்திலேயே இருக்கும் யமாஷிதா நிறுத்தத்தில் செத்தகயா ரயிலைப் பிடித்து அடுத்த நிறுத்தமான மியானோசகாவில் இறங்கினால் ஐந்து நிமிடத்தில் வாசல் வந்துவிடும். அந்தப் பாதையில் பூனை முகம் வரைந்த வண்டியும் ஓடுகிறது.

வாசலில் தலை வணங்கி உள்ளே போங்கள். இரு பக்கமும் மரங்கள் நிற்கும் நேர்பாதை, எதிரே பெரிய தூபக்கலசம், அதற்குப் பின்னால் 1677இல் கட்டிய புத்த மண்டபம். இங்கே பலர் தவறுவது ஒரு விஷயத்தில். ஜப்பானின் பூர்வீக மதமான ஷின்தோவின் ஆலயங்களில் இரண்டு முறை கைதட்டி வணங்கும் வழக்கத்தைப் பார்த்துவிட்டு இங்கேயும் தட்டுகிறார்கள். புத்தர் கோயிலில் கைதட்டல் கிடையாது. ஓசையில்லாமல் கைகூப்பினால் போதும்.

முதலில் புத்தரை வணங்கிவிட்டு, பிறகு கோயில் அலுவலகத்தில் பூனையை வாங்குவது நல்லது. கைக்குள் அடங்கும் குட்டியிலிருந்து சுமார் 30 சென்டிமீட்டர் வரை பல அளவுகள் உண்டு. சில அளவுகள் சில நாட்களில் தீர்ந்துபோகும். பிற்பகல் 3 மணிக்கு முன்பே போய்விடுங்கள். கோயில் திறந்திருந்தாலும் விற்பனை முடிந்திருக்கலாம். ரொக்கமாக யென் கையில் இருக்கட்டும்.

வாங்கிய பூனையை உற்றுப் பாருங்கள். வெள்ளை உடல், சிவப்புக் கழுத்துப்பட்டை, அதில் ஒரு மணி, உயர்ந்த வலது கை. தங்க நாணயம் மட்டும் இருக்காது. கடைப் பூனைகள் பிடித்திருக்கும் ‘கோபன்’ நாணயத்தை இந்தப் பூனையிடம் தேடாதீர்கள். பூனை வாய்ப்பை மட்டுமே வாசல் வரை அழைத்து வரும், அதைச் செல்வமாக்குவது அவரவர் நன்றியும் உழைப்பும் என்பதே இந்தக் கோயிலின் விளக்கம். வலது கை பணத்தையும் இடது கை ஆட்களையும் அழைக்கும் என்பதெல்லாம் பொதுவான கடைத்தெரு வழக்கு.

பூனைக்குரிய சன்னிதி ஷோஃபுகுதென். அங்கே வீற்றிருப்பவர் கன்னோன், அதாவது அவலோகிதர் என்னும் போதிசத்துவர். அகத்தியர் தமிழ் கேட்டது இவரிடம்தான் என்று வீரசோழியம் என்னும் பழைய இலக்கண நூல் பாடுகிறது; அந்த அவலோகிதரே இங்கே பூனைக்கு இடம் கொடுத்திருக்கிறார் என்று எண்ணும்போது கைகள் தானாகவே கூடுகின்றன. சன்னிதியை ஒட்டிய தட்டுகளிலும் தரையிலும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நூற்றுக்கணக்கான வெள்ளைப் பூனைகள். பெரியவற்றின் காலடியில் விரல் அளவுக் குட்டிகள். வெயிலிலும் மழையிலும் கிடந்து சிலவற்றின் சிவப்புப் பட்டை வெளிறியிருக்கிறது.

இவை காட்சிக்கு வைத்தவை அல்ல, நேர்த்திக்கடன்கள். பூனையை வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்து வேண்டி, வேண்டுதல் நிறைவேறியதும் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதே பழைய முறை. இப்போது பலர் வாங்கிய கையோடு இங்கேயே வைத்து, படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். தொலைதூரத்துக்காரர்களுக்கு வேறு வழியில்லைதான்; ஆனாலும் மறுபடி வரும் எண்ணம் இருந்தால் வீட்டுக்கே கொண்டுபோங்கள். வைக்கும்போது மற்றவர்களின் பூனையை நகர்த்தாதீர்கள். வேறு கடையில் வாங்கிய பொம்மையை இங்கே வைப்பதும் முறையல்ல. பீங்கானில் முதலில் உடைவது காதும் தூக்கிய கையும்தான். துணியில் சுற்றிக் கைப்பையிலேயே எடுத்துச் செல்லுங்கள்.

மூன்றடுக்குக் கோபுரத்தைச் சும்மா கடந்துவிடாதீர்கள். அதன் மரச் சிற்பங்களில் ஆண்டுகளைக் குறிக்கும் பன்னிரண்டு விலங்குகளுக்கு நடுவே பூனையும் ஒளிந்திருக்கிறது. பின்னால் உள்ள இயி குடும்ப மயானத்தில், 1860இல் எடோ (டோக்கியோவின் பழைய பெயர்) கோட்டையின் சகுரதா வாயிலுக்கு வெளியே வெட்டிக் கொல்லப்பட்ட, அன்றைய ஆட்சியின் தலைமை அமைச்சர் இயி நவோசுகேயின் சமாதி உண்டு. அங்கே சத்தம் வேண்டாம்.

இந்தப் பூனைப் பொம்மையின் பிறப்புக்குப் பழைய சான்று தேடுபவர்கள் டோக்கியோவின் அசகுசா பகுதிக்கும் போக வேண்டும். ஓவியர் ஹிரோஷிகே 1852இல் வரைந்த ஓர் அச்சோவியத்தில் மனேகி நேகோ விற்கும் கடை தெளிவாகத் தெரிகிறது. வறுமையால் பூனையைப் பிரிந்த கிழவியின் கனவில் அந்தப் பூனை வந்து, ‘என் உருவத்தைச் செய்’ என்றதாக அசகுசாவின் கதை. அந்த உருவம் செய்யப்பட்டதாகச் சொல்லப்படும் இமாதோ மண்பாண்டம் அந்த வட்டாரத்துக் கைத்தொழில். அசகுசா நிலையத்திலிருந்து கால் மணி நேரம் நடந்தால், பூனை பிறந்த இடம் தன்னுடையது என்று சொல்லும் இமாதோ ஆலயம் வரும். அது ஷின்தோ ஆலயம் என்பதால் அங்கே இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மீண்டும் ஒரு முறை குனிந்து வணங்க வேண்டும்.