குருகூர்ப் புளியமரத்தடியில்

ஆழ்வார்திருநகரி ஸ்டேஷனில் இறங்கியபோது வெயில் இன்னும் ஏறவில்லை. ஊரின் பழைய பெயர் குருகூர். கோயிலில் ஆதிநாதப் பெருமாளைச் சேவித்துவிட்டு நேரே உறங்காப்புளிக்குப் போனேன். இரவிலும் இலை மூடாத மரம் என்பார்கள். நம்மாழ்வார் இதன் அடியில் 16 வயது வரை வாய் திறவாமல் யோகத்தில் இருந்தார் என்று வைணவ ஆசாரியர்களின் வரலாறான குருபரம்பரை சொல்கிறது.

அந்த நிழலில் உட்கார்ந்ததும் பல நாளாக என்னுள் இருந்த கேள்வி மேலே வந்தது: நம்மாழ்வார் பாடிய திருவாய்மொழி சுருதியா, ஸ்மிருதியா? சுருதி என்றால் காதால் கேட்டது. வேதத்தை யாரும் இயற்றவில்லை, ரிஷிகள் கண்டார்கள் என்பது நம் நம்பிக்கை. ஸ்மிருதி என்றால் நினைவில் வைத்துச் சொன்னது: தர்மசாஸ்திரம், இதிகாசம், புராணம். இரண்டும் முரண்பட்டால் சுருதிதான் நிற்கும். கீதை மகாபாரதத்துக்குள் இருப்பதால் முறைப்படி ஸ்மிருதி. ஆனாலும் ஒவ்வொரு அத்தியாயம் முடியும்போதும் அதை உபநிஷத்து என்றே சொல்லி முடிக்கிறோம்.

சரி, திருவாய்மொழி எந்தப் பக்கம்? பாடியவர் பெயர் தெரியும், ஊர் தெரியும். இருந்தும் பெரியவர்கள் அதைத் தமிழ் மறை என்றார்கள். பெருமாள் என்னைக் கொண்டு தன்னைத் தானே பாடிக்கொண்டான் என்று ஆழ்வாரே உருகுகிறார்.

அப்புறம் அந்த மறையே மறைந்துபோனது. காட்டுமன்னார்கோயிலில் வைணவ ஆசாரியர் நாதமுனிகளின் காதில் விழுந்தவை குடந்தைப் பெருமாள் ஆராவமுதனைப் பற்றிய பத்துப் பாசுரங்கள் மட்டுமே. முடிவில் ‘ஆயிரத்துள் இப்பத்தும்’ என்று வந்தது. மீதி எங்கே என்று தேடிக்கொண்டு இங்கே வந்தார். இந்த ஊரில் அப்போது மிஞ்சியிருந்தது ஆழ்வாரைப் பற்றி அவர் சீடர் மதுரகவிகள் பாடிய ‘கண்ணிநுண் சிறுத்தாம்பு’ என்ற 11 பாசுரங்கள். அதை நாதமுனிகள் 12,000 முறை ஓதிச் சேவித்தார். நம்மாழ்வார் தோன்றி, திருவாய்மொழியோடு மற்ற ஆழ்வார்கள் பாடியவையும் சேர்ந்த நாலாயிரத்தையும் அருளினார். இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். அருளப்பட்டது தொலைந்துபோயிற்று, யாரோ விடாமல் மனப்பாடம் பண்ணி வைத்திருந்த 11 பாட்டுதான் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. சுருதிக்கு ஸ்மிருதி வாசல் திறந்துவிட்ட ஊர் என்றுதான் குருகூரை நினைக்கத் தோன்றுகிறது.

வேதத்தைக் காப்பாற்றியதும் நினைவுதானே? வேதம் ஓதும் முறைகளில் ஒன்றான கிரம பாடத்தில் ‘அக்னிம் ஈளே, ஈளே புரோஹிதம்’ என்று முன் சொல்லைப் பிடித்துக்கொண்டே அடுத்த சொல்லுக்குப் போவார்கள். திருவாய்மொழி அந்தாதி. ஒரு பாசுரம் முடிந்த சொல்லில் அடுத்தது தொடங்கும். ‘உயர்வற’ என்று தொடங்கி, 1,102 பாசுரம் கடந்து, ‘உயர்ந்தே’ என்று முடியும். ஒரு சொல் நழுவினாலும் சங்கிலி காட்டிக்கொடுத்துவிடும்.

மரத்தைப் பார்த்தபடி கண்ணிநுண் சிறுத்தாம்பைச் சொல்லத் தொடங்கினேன். நாலாம் பாசுரம் முடிந்ததும் அடுத்தது வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தடுமாறினேன். பக்கத்தில் திருமண் இட்ட ஒரு பெரியவர், “கடைசிச் சொல்லை இன்னொரு தரம் சொல்லும் ஸ்வாமி” என்றார்.

“நம்பியே” என்றேன்.

‘நம்பினேன்’ என்று அடுத்த பாசுரம் தானாக வாயில் வந்தது. பெரியவரும் கூடவே சேவிக்கத் தொடங்கினார்.