கால் வாளித் தண்ணீர்

அம்மாவைப் பார்த்துக்கொள்ள மதுரை ஏஜென்சி ஒன்று அனுப்பிய அக்காவுக்கு மாதம் 18,000 ரூபாய், சாப்பாடு தனி. பிரஷர் பார்ப்பார், சர்க்கரை பார்ப்பார், படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்க வைக்கவும் தெரியும், எல்லாவற்றுக்கும் சான்றிதழ் இருந்தது. ஆனால் எங்கள் அம்மா படுக்கையில் கிடப்பவர் இல்லை. பாம்பன் பக்கம் முப்பது வருடத்துக்கு மேல் கடலில் பாசி எடுத்தவர், விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து பழைய சேலையைக் கிழித்து விரல் விரலாகச் சுற்றிக்கொண்டு, பாறை கிழிக்காமல் இருக்க அந்தக் காலத்தில் சுற்றிய மாதிரியே சுற்றிக்கொண்டு, கடலுக்குப் போகணும் என்று கதவைத் தள்ளுவார். அவருக்கு டிமென்ஷியா என்கிற மறதி நோய் என்று டாக்டர் சொல்லி அப்போது ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

மூன்றாம் நாள் குளியலறையில் சண்டை. அம்மா மாட்டேன் என்கிறார், அந்த அக்கா கையைப் பிடித்து உட்கார வைத்துத் தலையில் மளமளவென்று ஊற்றுகிறார், அம்மா அவர் கையைக் கடித்துவிட்டார். ஏஜென்சிக்குப் போன் போட்டால், "அடம் பிடிக்கிற கேஸுன்னு முதல்லயே சொல்லிருக்கணும்ல" என்றார்கள். டிமென்ஷியா என்று முதல் நாளே சொல்லித்தான் ஆள் கேட்டேன். அந்த அக்கா மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை, அவருக்கு யாரும் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கும்தான்.

சரி, எங்கேதான் சொல்லித் தருகிறார்கள் என்று தேட ஆரம்பித்தேன். சென்னையில் ஸ்கார்ஃப் என்கிற மனநல அமைப்பு டிமென்ஷியாவுக்கென்றே தனியாக வேலை செய்கிறது. 1992-இல் கேரளாவில் தொடங்கிய ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. என்ற அல்சைமர் சங்கத்துக்கும் சென்னையில் கிளை உண்டு. நல்ல இடங்கள்தான், ஆனால் இங்கிருந்து ராத்திரி முழுக்க ரயில், அதுவரை அம்மாவை யார் பார்ப்பது? இத்தனைக்கும் 2023-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வின்படி இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம், சுமார் 88 லட்சம் பேருக்கு இந்த நோய், அதிலும் ஆண்களைவிடப் பெண்களுக்கு, நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். நோய் இங்கே, பயிற்சி அங்கே.

கடைசியில் கைக்கு எட்டியது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் கையேடாகக் கொண்டு வந்த 'ஐசப்போர்ட்'. குடும்பத்தில் பார்த்துக்கொள்பவர்களுக்கென்றே எழுதியது, காசு கிடையாது, ஐந்து பகுதி, 23 பாடம். நான் படித்தது ஆங்கிலத்தில், ராத்திரி அம்மா தூங்கிய பிறகு, ஒரு பாடத்துக்கு இரண்டு நாள் என்று. நடுவில் 14416-க்கும் போன் செய்தேன். டெலி மானஸ், அரசாங்கத்தின் மனநல உதவி எண், இலவசம், எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். நான் அழுது முடிக்கும் வரைக்கும் அந்தப் பக்கம் இருந்த பெண் காத்திருந்தார், அதற்கே நூறு கும்பிடு.

பாடத்தில் திரும்பத் திரும்ப வந்த விஷயம் ஒன்றுதான்: அடம் என்று நாம் நினைப்பதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கும், அதைத் தேடு. நானும் தேடினேன். தண்ணீர் சூடா, குளிரா, வெட்கமா, வழுக்குமோ என்ற பயமா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன், எதுவும் இல்லை. ஒரு நாள் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு வாளி நிரம்பட்டும் என்று நின்றபோது அம்மா பதறிப்போய், "கொட்டாதடி, கொட்டாதடி, நாளைக்குக் குடிக்க என்ன செய்வ?" என்று குழாயைக் கையால் பொத்தினார். அப்போதுதான் உறைத்தது. இவர் மணலில் ஊற்றுத் தோண்டி, ஊறட்டும் என்று காத்துக் கிடந்து, கொட்டாங்கச்சியால் மோந்து குடம் நிரப்பி வளர்ந்தவர். நாங்கள் இன்றைக்கும் குடிதண்ணீரைக் குடம் கணக்கில் காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம். அவர் கண்ணுக்கு நாங்கள் தினமும் காலையில் ஒரு நாள் குடிதண்ணீரை அவர் தலையில் ஊற்றிப் பாழாக்கிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் கால் வாளி மட்டும் வைத்தேன், ஒரு துண்டு, ஒரு சின்னச் சொம்பு. "இவ்வளவுதாம்மா இருக்கு" என்றேன். சொம்பை அவரே வாங்கிக்கொண்டார்.

மதுரை அக்காவால் இதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது, ஊற்றுத் தண்ணீர்க் கதை அவருக்கு எப்படித் தெரியும்? எனக்குக் கதை தெரியும், வழி தெரியாது. அதனால்தான் சொல்கிறேன், சம்பளத்துக்கு வருபவருக்கும் வீட்டு ஆளுக்கும் ஒன்றாக உட்கார வைத்துப் பயிற்சி கொடுக்க வேண்டும். தனித்தனியாகக் கொடுத்தால் ஒருவர் கட்டுவதை இன்னொருவர் அவிழ்ப்பார். இப்போது வருகிற அக்கா எங்கள் தெருவே, சான்றிதழ் எதுவும் இல்லை, ஆனால் ஒவ்வொரு பாடத்தையும் நான் வாசித்துச் சொல்ல, அவர் கேட்டுவிட்டு "இத நேத்து நம்ம தப்பாச் செஞ்சோம்" என்பார். ஒரு தடவைக்கு ஒரு வேலை மட்டும் சொல்வது, பின்னாலிருந்து கூப்பிடாமல் முகத்துக்கு நேரே வந்து பேசுவது, தப்பாகச் சொன்னால் திருத்தாமல் விடுவது எல்லாம் என்னைவிட அவருக்குச் சீக்கிரம் பழகிவிட்டது. அந்தக் கடைசி விஷயத்தில் என் தம்பி இன்னும் பெயில். சென்னையிலிருந்து வந்ததும் "நான் யாருன்னு சொல்லும்மா" என்று பரீட்சை வைப்பான்.

இன்னொன்று, இது முக்கியம். போன ஐப்பசியில் இரண்டே நாளில் அம்மா சுருண்டுவிட்டார், எந்நேரமும் தூக்கம், எழுந்தால் குழறல். நோய் முத்திவிட்டது, ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிக்கொண்டு போ என்றார் சித்தி. நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை, ஆனால் டிமென்ஷியா இப்படி இரண்டு நாளில் பாயாது, திடீரென்று குழம்பினால் உடம்பில் வேறு ஏதோ இருக்கிறது என்று படித்திருந்தேன். ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். சிறுநீரில் கிருமி. தண்ணீரை மிச்சம் பிடிக்கிறேன் என்று குடிக்காமலே இருந்திருக்கிறார். மாத்திரை கொடுத்து ஒரு வாரத்தில் பழைய நிலைக்கு வந்தார். இப்போது தண்ணீர் என்று கொடுப்பதில்லை, நீராகாரம், மோர், தர்பூசணி என்று போகிறது.

ராமநாதபுரத்தில் 2022-இல் மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. இந்தப் பயிற்சிக்கு அங்கே மாதத்தில் ஒரு நாள், ஒரு அறை, தமிழில் பேசத் தெரிந்த ஒரு நர்ஸ் போதும், தொண்டியிலிருந்தும் சாயல்குடியிலிருந்தும் ஆட்கள் பஸ் பிடித்து வருவார்கள். மனு எழுதி வைத்திருக்கிறேன், இந்தப் பக்கத்துக்காரர்கள் யாராவது சேர்ந்து கையெழுத்துப் போடுவதாக இருந்தால் கீழே சொல்லுங்கள்.

விரலில் துணி சுற்றுவதை நாங்கள் தடுப்பதில்லை. பழைய சேலையைக் கிழித்து ஒரு கூடையில் போட்டு வைத்திருக்கிறோம். இன்றைக்குக் காலையிலும் பத்து விரலையும் சுற்றி முடித்துவிட்டு, "நீவாடு எப்படிடி இருக்கு?" என்றார், கடல் நீரோட்டத்தைத்தான் கேட்கிறார். அக்கா வாசல் வரைக்கும் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "கலங்கிக் கிடக்குத்தா, இன்னைக்குக் கண்ணு தெரியாது" என்றார். அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒவ்வொரு விரலாக அவிழ்க்க ஆரம்பித்தார்.